மறைநூல் வாசிப்புக்கு எந்த ஏஐ உதவும்?

பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம், 66ஆம் சுலோகத்துக்கு ('எல்லாத் தர்மங்களையும் விட்டு என்னையே சரணடை') பொருள் கேட்டால், பொதுவான சாட்பாட் பெரும்பாலும் சரணாகதி பற்றி நான்கு வரி அழகாக எழுதித் தரும். ஆனால் உரையாசிரியர்கள் கடுமையாக மோதிக்கொள்ளும் இடம் அது. எல்லாக் கர்மங்களையும் துறப்பதையே அது சொல்கிறது என்கிறார் சங்கரர். கடமையைச் செய்துகொண்டே பலனையும் 'நான் செய்கிறேன்' என்ற எண்ணத்தையும் விடச் சொல்கிறது என்பது இராமானுஜர் தரும் விளக்கங்களில் ஒன்று. இரண்டையும் குழைத்து ஒரே பத்தியாக்கிவிட்டால், அங்கே ஒரு வாதம் நடந்ததே வாசகருக்குத் தெரியாது. இல்லாத வசனத்தைச் சாட்பாட் இட்டுக்கட்டினால் நூலைத் திறந்து பார்த்துப் பிடித்துவிடலாம். இந்தக் குழைப்பைப் பிடிப்பது கடினம் என்பதால், எனக்கு இதுவே பெரிய கவலை.

கூகுளின் நோட்புக்எல்எம் போன்ற கருவிகளில் உரைநூல்களை நாமே பதிவேற்றலாம். இரு உரைகளையும் ஏற்றி, "கலக்காமல் தனித்தனியாகச் சொல்" என்று கேட்டால், பதிலோடு மேற்கோள் எண்களும் வரும். எண்ணைத் தொட்டால் மூலப் பத்தி திறக்கும். ஆழ்ந்து படிக்க நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஒரே மரபின் உரையை மட்டும் ஏற்றினால் அதுவே முழு உலகம் என்பதுபோல் பேசும் என்பதை மறக்கக் கூடாது. ஸ்கேன் செய்த பழைய பதிப்பாக இருந்தால், படத்தைக் கணினி எழுத்தாக மாற்றியதில் துணைக்காலும் 'ர'வும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க மட்டும் ஏஐ வேண்டியதில்லை. யூத நூல்களுக்குச் செஃபாரியா, பௌத்த நூல்களுக்குச் சுத்தசென்ட்ரல் ஆகிய தளங்கள் இருக்கின்றன. பாலி மொழியில் உள்ள ஒரு சுத்தத்துக்கு (பௌத்த உரைப்பகுதிக்கு) இணையாக, ஆகமம் எனப்படும் சீன மொழி பௌத்தத் தொகுப்பில் உள்ள பகுதியை அறிஞர்கள் ஒப்பிட்டுச் சுத்தசென்ட்ரலில் இணைத்திருக்கிறார்கள். எண்கள் மரபுக்கு மரபு மாறுவதும் உண்டு: எபிரெய பைபிளின் 23ஆம் சங்கீதம் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 22. எண்ணை மட்டும் நம்பித் தேடினால் வேறு பாடலில் போய் நிற்போம்.

அப்படியானால் சாட்பாட் எதற்கு? சந்தி பிரிக்க, இலக்கணம் கேட்க, ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் நம்மிடம் கேள்வி கேட்கச் சொல்ல. இந்தக் கடைசி வேலையில் அது உண்மையாகவே வல்லது. நம் பதில் சரியா என்று அதையே தீர்ப்புச் சொல்ல விடாமல், உரையைத் திறந்து நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.