ஃபைல் சர்வர் வாங்குகிறீர்களா? மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்யும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஏழு கணினிகள், எல்லாருடைய வேலையும் ஒரே லினக்ஸ் சர்வரில். போன வருடம் அதை அமைத்துக் கொடுத்தவர் 4 டிபி டிஸ்க் இரண்டு மாட்டி, "ரெய்டு போட்டிருக்கேன் அண்ணே, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்" என்றார். ரெய்டு என்றால் பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை. நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாக வேண்டும். மூன்று வாரம் இருக்கும்போது ஒரு டிஸ்க் போனது. மற்றதிலிருந்து ஒரு கோப்பைக்கூட எடுக்க முடியவில்லை. அவர் போட்டிருந்தது ரெய்டு 0. அது ஒவ்வொரு கோப்பையும் துண்டாக்கி இரண்டு டிஸ்கிலும் மாற்றி மாற்றி எழுதும். ஒன்று போனால் மொத்தமும் போச்சு. இரண்டிலும் ஒரே பிரதியை வைப்பது ரெய்டு 1. கேட்டதற்கு, "இடம் நிறைய வேணும்னு நினைச்சேன்" என்கிறார்.

சர்வரில் மொத்த இடம் 7.3 டிபி என்று காட்டியது (கணினி எண்ணும் முறையில் இரண்டு டிஸ்கின் 8 டிபி இப்படித்தான் தெரியும்). ரெய்டு 1 ஆக இருந்தால் 3.6 தான் காட்டும். எட்டு மாதம் அந்த எண் எங்கள் கண்ணெதிரே இருந்தது, என்னவென்று தெரியவில்லை.

அதற்கு முன்பே ஒரு தொல்லை. மதிய நேரத்தில் எல்லாக் கணினியிலும் ஃபோல்டர் திடீரென்று அறுந்துவிடும். ரேம் போதாது என்று சொல்லி 8 ஜிபியை 16 ஆக்கிப் பணம் வாங்கினார். பிறகு வேறொருவர் லாக்கை, அதாவது சர்வர் எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பை, படித்துக் காட்டினார்: ஸ்வாப் (ரேம் நிரம்பும்போது உதவ டிஸ்கில் ஒதுக்கும் இடம்) ஒரு துளிகூட ஒதுக்கவில்லை. நினைவகம் நிரம்பியதும் லினக்ஸின் மையமான கெர்னல், ஃபோல்டர்களை மற்றக் கணினிகளுக்குப் பகிரும் சாம்பா நிரலையே நிறுத்தியிருக்கிறது. லாக், கோப்பு எல்லாம் ஒரே பார்டிஷனில் (டிஸ்கில் பிரித்து வைக்கும் பகுதி) வேறு.

இப்போது சிஸ்டத்துக்குத் தனி எஸ்எஸ்டி, அதில் லாக்குக்குத் தனி பார்டிஷன், 8 ஜிபி ஸ்வாப். டிஸ்க் இரண்டும் ரெய்டு 1. அப்புறம், ரெய்டு 1 இருந்தாலும் பேக்கப் வேண்டும். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். அதனால் தினமும் மாலை ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

உங்களுடையதும் லினக்ஸே நடத்தும் ரெய்டு என்றால், ப்ராக் அடைவில் எம்டிஸ்டாட் (/proc/mdstat) என்ற கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். ரெய்டு 1 என்று இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். முடிந்தால், ஒரு டிஸ்கைக் கழற்றிவிட்டு கோப்பு திறக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். சர்வர் இன்னும் காலியாக இருக்கும் முதல் நாளே அதைச் செய்ய வேண்டும்.