ஏலக்காய் மைனஸ் சைபர்: ஆறு வருஷ ஸ்பிரெட்ஷீட் அனுபவம்

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு ஆறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் என்று எது போட்டாலும் சரக்கு வரவு, செலவு, பில் எல்லாம் ஸ்பிரெட்ஷீட்டில்தான். பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று உண்டு, அதுவும் புள்ளிக்கு அப்புறம் பதினாறு சைபர் தள்ளி.

முதல் வருஷம், தீபாவளி நேரம். ஏலக்காய் அரைக் கிலோ வந்தது, 0.5 என்று பதிந்தேன். அன்றைக்கு 0.4, மறுநாள் 0.1 எடுத்தோம். இருப்பு காட்டும் செல்லில், அதாவது கட்டத்தில், ‘-0.00’ என்று நின்றது. இருப்பு சைபரானால் ‘வாங்கு’ என்று காட்டும்படி பக்கத்து செல்லில் ஃபார்முலா போட்டிருந்தேன்; அது வாயே திறக்கவில்லை. எட்டிப் பார்த்த கடை ஆச்சி கேட்டாக: “ஏம்ப்பா, ஏலக்காய் சைபருக்குக் கீழயும் போகுமா?”

திரையில் காட்டும் தசம இடங்களை அதிகமாக்கிப் பார்த்தேன். -0.0000000000000000278 என்று வந்தது.

விஷயம் இதுதான். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளில் (1/2, 1/4, 1/8 என்று) வைக்கிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் ஓடுமே, அதேபோல் பத்தில் ஒன்று இந்த இரும (பைனரி) முறையில் முடியாமல் ஓடும். ஒரு எண்ணுக்கு இடம் 64 பிட்தான் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1), அதில் இலக்கங்களுக்கு 52. மிச்சத்தை வெட்டியாக வேண்டும். மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 1985-இல் கொண்டுவந்த 754 என்ற தரம் இது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் மூன்றுமே இந்த வழிதான்.

ஆச்சியின் ஐயா பர்மாவில் வட்டிக்கடைக் கணக்கு எழுதியவராம். அந்தக் காலத்து அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் இரண்டிரண்டாக வகுத்தது. 1/16 வரைக்கும் கணினியில் துல்லியமாக உட்காரும். மா என்றால் 1/20, அங்கேதான் இடறும். பத்துக்குள்ளும் இருபதுக்குள்ளும் ஐந்து ஒளிந்திருக்கிறதே, வில்லன் அவன்தான்.

அவசரத்தில் நான் செய்த வைத்தியம் நோயைவிட மோசம். ‘திரையில் தெரிவதையே மதிப்பாக வை’ என்று செட்டிங்கில் ஒன்று இருக்கிறது. எச்சரிக்கை வந்தது, படிக்காமல் ஓகே தட்டினேன். இரண்டு தசம இடம் வைத்திருந்த பத்தியில் ஜாதிக்காய் 0.125 கிலோ 0.13 ஆனது. குங்குமப்பூ நாலு கிராம், 0.004, அப்படியே காணாமல் போனது. செட்டிங்கை எடுத்துவிட்டாலும் போனது போனதுதான். பில் கட்டை வைத்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை திரும்பப் பதிந்தேன்.

பைசா இடிப்பது வேறு கதை, ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வரியோடு 35 ரூபாய் பாக்கெட், வரி 5 சதவீதம். அதில் பாதியான மாநிலப் பங்கு 0.8333..., திரையில் 0.83. மூன்று வகை வாங்கினால் கூட்டுத்தொகை 2.50 என்கிறது, கையால் கூட்டினால் 2.49. வாடிக்கையாளர் பென்சிலை எடுத்தால் மாட்டினோம்.

இப்போது சரக்கையெல்லாம் கிராமில், முழு எண்ணாகப் பதிகிறேன். பில்லில் ஒவ்வொரு அயிட்டத்தின் வரியையும் ரவுண்ட் ஃபார்முலாவில் இரண்டு இடத்துக்கு நிறுத்திய பிறகே கூட்டல். சைபரோடு ஒப்பிடும் இடத்திலும் ரவுண்ட் இல்லாமல் எதுவும் இல்லை. ஐந்து வருஷமாக இந்தத் தொல்லை வரவில்லை.

முதல் வருஷ ஃபைலை மட்டும் திருத்தவில்லை, ஆடிட்டர் முடித்துக் கொடுத்த கணக்கு. அதில் ஏலக்காய் இன்னும் -0.00-தான்.