மூட்டுவாதக்காரரின் தோற்றக் கவலை: எந்த வினாத்தாள் பொருந்தும்?

திருகோணமலைக் கிளினிக் ஒன்றில் முடக்குவாதம் உள்ள பெண்ணிடம் "கை வடிவா இருக்கா?" என்று கேட்டால், "ஓம், இப்ப வடிவா மடங்குது" என்று பதில் வரலாம். எங்கள் பேச்சில் வடிவு என்றால் அழகும்தான், ஒழுங்கும்தான். தோற்றக் கவலையை அளக்கும் எந்த வினாத்தாளைத் தமிழாக்கினாலும் "பார்வைக்கு" என்ற சொல் கேள்விக்குள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தேங்காய் திருவ முடியாத கவலையும் விரல் கோணிய வெட்கமும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும்.

உளமருத்துவர் ஸ்டங்கார்டின், மெலிந்தவர் முதல் பருத்தவர் வரையான 9 உருவப் படங்களை (1983) இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அவை பருமனை மட்டுமே அளப்பவை. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தால் ஊதிய முகமோ அன்னக் கழுத்துப்போல் வளைந்த விரலோ அவற்றில் தெரியாது.

உண்மையான போட்டி தோற்றத் திருப்தியைக் கேட்கும் ஸ்வாப் (SWAP) வினாத்தாளுக்கும், தோற்றத்தால் வரும் வேதனையைக் கேட்கும் டெரிபோர்ட் 24 (DAS24) வினாத்தாளுக்கும்தான்.

ஸ்வாப் 1998இல் தீக்காயம் பட்டவர்களுக்காக வந்தது. 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, உச்சம் 84. கூடினால் அதிருப்தி கூட. தோல் இறுகும் ஸ்கிளெரோடெர்மாவுக்காக 6 கேள்விகளாகச் சுருக்கிய வடிவமும் உண்டு: பாதி தோற்ற அதிருப்தி, பாதி ஆட்கள் நடுவே வரும் கூச்சம். கைமூட்டு வீங்கிப் பேனா பிடிக்க முடியாதவருக்கு இதுவே பெரிய சலுகை. பிழை வருவது கூட்டும்போது. "முகத்தோற்றத்தில் திருப்தி" என்பதற்கு 6 போட்டால் அதை 0 ஆகத் திருப்பவேண்டும். மறந்தால் நிம்மதியாக இருப்பவர் தாளில் நொந்தவர் ஆவார். இன்னொரு குறை: முழு வடிவத்தில் கால் உண்டு, பாதம் தனியாக இல்லை. கோணேசர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வெளியே தெரிவது கோணிய கால்விரல்தானே!

டெரிபோர்ட் 24 தொடக்கத்திலேயே "எந்த உறுப்பு உங்களை உறுத்துகிறது?" என்று கேட்டுவிடும். பாதம், நகம், முடி உதிர்வு எல்லாம் அதில் அடங்கும். மறைக்கும் சைகைகளையும் கேட்கும். முந்தானைக்குள் கையை வைத்திருப்பவர் அங்கே பிடிபடுவார். ஆனால் அது பிரித்தானியாவில் பிறந்தது. மதுக்கடை, பொது உடைமாற்றும் அறை, கடற்கரை பற்றிய கேள்விகளுக்கு மூதூர்ப் பெண்கள் பலர் "பொருந்தாது" என்றே குறிப்பார்கள். அதற்கு 0 விழும், மொத்தம் பொய்யாக இறங்கும். உப்புவெளிக் கரைக்குச் சேலையோடு போகிறவருக்கு அந்தக் கேள்வியின் பொருளே வேறு. தாம்பத்தியக் கேள்வியை மாமியார் பக்கத்தில் இருக்கக் கேட்கவும் முடியாது.

மூன்றாவது ஒன்று, தன் உடலை ஒருவர் எவ்வளவு மதிக்கிறார் என்று கேட்கும் உடல் மதிப்பளவை 2 (BAS-2, 2015): பத்தே கேள்வி, 1 முதல் 5, சராசரி எடுக்கவேண்டும். இதில் கூடினால் நல்லது. மற்றவற்றோடு ஒரே அட்டவணையில் போட்டுக் குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நோயைப் பற்றி இது ஒன்றுமே கேட்பதில்லை.

கிளினிக் நாளுக்கு நாங்கள் எடுப்பது சுருக்கிய ஸ்வாப். கூடவே டெரிபோர்ட் பாணியில் "எந்த உறுப்பு?" என்ற ஒரு கேள்வி, அதன் பதிலைக் குறித்துவைப்பது மட்டும்தான், கூட்டுவதில்லை. ஆறு கேள்வியையும் முதலில் ஏழெட்டுப் பேரிடம் வாசித்து, என்ன விளங்கியது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கவேண்டும். துணைக்கு வந்தவரை வெளியே இருத்தவேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் அன்றைய பிரெட்னிசலோன் அளவையும் எழுதவேண்டும்: மருந்து குறைந்து முகம் வற்றியதால் இறங்கிய எண்ணை உளவள ஆலோசனையின் பலன் என்று கணக்கெழுதிவிடுவது சுலபம்.