லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு மணி நேரச் சட்ட ஆலோசனை

நகைக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் குடும்ப வழக்கறிஞர் அலுவலகம். நானும் என் துணைவியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் மகளுக்கு நான் பெற்ற அப்பா இல்லை. ஆனால் 3 வயதிலிருந்து தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது நான்தான். இப்போது அவளுக்கு 8. பள்ளிச் சுற்றுலாப் படிவத்தில் என் கையெழுத்து செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

வழக்கறிஞர் அம்மா தமிழிலேயே பொறுமையாகச் சொன்னார். கல்யாணமாகியிருந்தால் ஒப்பந்தம் எழுதியே பெற்றோர் பொறுப்பை, அதாவது பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமையை, பெறலாமாம். எங்களுக்கு அந்த வழி இல்லை. 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளை என்னோடும் வாழ்கிறாள் என்று நீதிமன்ற ஆணை வாங்கினால், அது நடப்பில் இருக்கும்வரை எனக்கும் பொறுப்பு உண்டு. கடந்த 5 ஆண்டில் 3 ஆண்டாவது என்னோடு இருந்திருந்தால் மனுப்போட முன்அனுமதி வேண்டாம். சரி, உயில்? எழுதாமல் நான் போய்விட்டால் பிள்ளைக்குத் தானாக எதுவும் வராது. இதை அவராகவே எடுத்துச் சொன்னார், நான் கேட்கவில்லை.

போன் எடுக்கமாட்டார்கள், நேரம் கிடைக்க 2 வாரம் ஆயிற்று. ஆனாலும் தயங்காமல் போங்கள். கட்டணத்தை முதலிலேயே எழுதிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது மகளின் பெயரைக் கோப்பின் மேல் தமிழில் எழுதி, "எழுத்து சரிதானே அண்ணா?" என்று கேட்டார்.