டேஷும் நானும்: பதினோரு வருட உபுண்டு அனுபவம்

“டெர்மினலில் ஒழுங்காக ஓடுகிற ஸ்கிரிப்ட், கிரானில் போட்டால் மட்டும் ஏன் சொதப்புகிறது?” என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புதான் ஸ்கிரிப்ட்; அதைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது கிரான்.) கேட்டதுமே பழைய கோபம் வந்துவிட்டது.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் எஸ்ஹெச் (sh) என்ற பெயரில் இருப்பது பேஷ் இல்லை, டேஷ். இரண்டுமே நாம் எழுதும் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்கள்; டெர்மினலில் வழக்கமாக இருப்பது பேஷ். 2006 அக்டோபரில் வந்த 6.10 பதிப்பிலிருந்தே அப்படித்தான். எந்த ஷெல்லில் ஓட வேண்டும் என்று சொல்ல ஸ்கிரிப்டின் முதல் வரியில் #!/பின்/பேஷ் என்று எழுதியிருந்தாலும், கோப்பின் பெயருக்கு முன்னால் எஸ்ஹெச் போட்டு ஓட்டினால் அந்த வரி வெறும் கமென்ட், ஷெல் கண்டுகொள்ளாத குறிப்பு. நண்பரின் கிரான் வரியில் அப்படித்தான் இருந்தது.

ஸ்கிரிப்டில் அர்ரே (பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் பட்டியல்) இருந்தால் பரவாயில்லை, டேஷ் ‘சின்டாக்ஸ் எரர்’ என்று கத்திவிட்டு நின்றுவிடும். என் வயிற்றெரிச்சல் எல்லாம் நிபந்தனையைச் சோதிக்க பேஷில் எழுதும் [[ மேல்தான். டேஷுக்கு அது தெரியாது. ‘நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு வரி சொல்லும், அதற்கான பிழை எண் 127-ஐத் திருப்பும். நிபந்தனை பார்க்கும் இஃப் அதைப் ‘பொய்’ என்று எடுத்துக்கொள்ள, ஸ்கிரிப்ட் பாட்டுக்கு மேலே போகும். வெளி டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று என் பேக்கப் ஸ்கிரிப்ட் இப்படித்தான் சோதித்தது. டிஸ்க் மாட்டியேதான் இருந்தது. மூன்று வாரம் ஒரு கோப்புகூட நகலாகவில்லை.

அதைவிட மோசம் &>. பேஷில் இது வெளியீட்டையும் பிழைகளையும் ஒரே கோப்புக்கு அனுப்பும். டேஷோ & வரைக்கும் தனியாகப் படித்து, கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டு, லாக் கோப்பைக் காலியாக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பிழை என்று ஒரு வார்த்தை வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போனது.

நியாயமாகப் பார்த்தால் டேஷ் மேல் தப்பே இல்லை. ஷெல்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் சொன்னதைச் செய்கிறது. அளவில் பேஷில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பூட் (கணினி தொடங்கும்) வேகத்துக்காகத்தான் அன்றைக்கு மாற்றினார்கள், அந்த வேகமும் உண்மை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னிடம் கிராஷ் ஆனதில்லை. ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் கருவியை ஓட்டினால் இந்தப் பிழைகள் முன்பே தெரியும்தான். ஆனால் முதல் வரியில் பேஷ் என்று இருந்தால் அதுவும் அதை நம்பி விட்டுவிடும்.

இருந்தாலும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். அந்த மூன்று வாரம் இன்னும் மனசில் ஆறவில்லை.

நண்பரிடம், கிரான் வரியில் எஸ்ஹெச்சை எடுத்துவிட்டு பேஷ் என்று போடச் சொன்னேன். அப்புறம் போன மாத பேக்கப் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொன்னேன்.