மத்தியதரைக் கடல் கப்பல் பயணமா? கரை டூருக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள் – எங்களிடம் பறித்தது ரூ.1,86,400

கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். ரூ.1,86,400. இரண்டு பேர், நான்கு துறைமுகம், கப்பலை விட்டு இறங்கி ஊர் பார்க்க மட்டும் இவ்வளவு. கப்பல் கட்டணம் இதில் சேராது. கப்பல்காரர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, சைவச் சாப்பாடு முதற்கொண்டு சொன்னதைச் செய்தார்கள். பறித்தது கரை டூர் விற்கிற ஓர் ஏஜென்சி. புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. சென்னையில் சின்னதாய் ஓர் ஆபீஸ், சமூக வலைத்தளத்தில் பெரிதாய் விளம்பரம், "ஜோடிகளுக்கு பிரைவேட் டூர், தமிழிலேயே பேசலாம்" என்று ஒரு வாசகம். இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ரூட்டைச் சொன்னால்தான் மோசடி புரியும். வியாழன் பார்சிலோனாவில் ஏற்றம், வெள்ளி முழுக்கக் கடல், சனி நேப்பிள்ஸ், ஞாயிறு சிவிட்டாவெக்கியா, திங்கள் லிவோர்னோ, செவ்வாய் பிரான்ஸின் வில்ஃப்ரான்ஷ், பிறகு திரும்பப் பார்சிலோனா. விளம்பரத்தில் "ரோம்" என்று இருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில்தான், அங்கிருந்து ரோம் 70 கி.மீ.க்கு மேல். "ஃபிளாரன்ஸ்" என்றால் லிவோர்னோ, கிட்டத்தட்ட 90 கி.மீ. காலையில் கட்டி மாலையில் கிளம்பிவிடுவார்கள். கப்பலே விற்கும் டூரில் போனால் பஸ் தாமதமானாலும் கப்பல் நிற்கும், வெளியே வாங்கிய டூரில் போனால் நிற்காது. இந்த ஒரு பயத்தை வைத்துத்தான் இரண்டு தரப்பும் கல்லா கட்டுகிறார்கள். கப்பல் டூரில் நாற்பது பேரோடு பஸ்ஸில் அடைபட வேண்டும், வெளியே ஆளைப் பிடித்தால் நமக்கென்று ஒரு கார். அதனால் வெளியே தேடுவது தப்பே இல்லை, நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

நம்ப வைத்த இடம் எது என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடமும் அதைத்தான் செய்வார்கள். போனில் பேசியவர் பட்ஜெட்டே கேட்கவில்லை. "ஷிப் பேரும் செய்லிங் தேதியும் மட்டும் சொல்லுங்க சார்" என்றார். பத்து நிமிடத்தில் ஒரு பிடிஎஃப் வந்தது. எங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்குக் கட்டும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று நிமிடம் பிசகாமல் இருந்தது. அதோடு நிற்கவில்லை. "சிவிட்டாவெக்கியால போர்ட்டுக்குள்ள டாக்சி தேடாதீங்க மேடம். ஷட்டில் பஸ் ஃப்ரீ. லார்கோ தெல்லா பாச்சேல இறக்கி விடுவான். அங்க நம்ம டிரைவர் உங்க பேர் போர்டோட நிப்பாரு" என்றார். இது அத்தனையும் உண்மை. ஷட்டில் இலவசம்தான், இறக்கிவிடும் இடமும் அதுதான். இதைச் சொல்கிற ஆள் அங்கே தினம் வண்டி அனுப்புகிறவராகத்தானே இருப்பார்? இல்லை. கப்பல் நேரமெல்லாம் துறைமுகங்களின் தளத்திலேயே பொதுவில் கிடக்கிறது, ஷட்டில் விவரமும் அப்படித்தான். பொதுவில் கிடப்பதை எடுத்து, நமக்கென்று தயாரித்ததைப் போலக் காட்டுவதுதான் இவர்கள் தொழில்.

விலை இப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள்: நேப்பிள்ஸ்–பாம்பேய் (எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய ஊர்) 38,200, ரோம் 62,700, ஃபிளாரன்ஸ்–பீசா 54,300, வில்ஃப்ரான்ஷிலிருந்து நீஸ்–மொனாக்கோ 31,200. கூட்டினால் அதே ரூ.1,86,400. கார்டில் போட்டால் இரண்டரை சதவீதம் கூடுதலாம். "இன்னைக்கே யுபிஐல போட்டுட்டீங்கன்னா யூரோ ரேட் லாக் ஆயிடும் சார்." முதல் நாள் ஒரு லட்சம், மறுநாள் 86,400. பணம் போன கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, தனி ஆள் பெயரில். கேட்டதற்கு "அது எங்க புரொப்ரைட்டர் அக்கவுண்ட்தான் சார்". ஜிஎஸ்டி பில் கேட்டால் "டிராவல் முடிஞ்சதும் ஃபைனல் இன்வாய்ஸ் வரும்".

இனி வவுச்சர். எட்டுப் பக்கம், பளபளவென்று, கொலோசியம் படத்தோடு. அந்த எட்டுப் பக்கத்துக்குள்ளேயே மோசடி எழுதிக் கிடந்தது.

ரோம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வாத்திகன் மியூசியம், சிஸ்டைன் சேப்பல் "வரிசையில் நிற்காமல்" என்று இருந்தது. வாத்திகன் மியூசியம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு, எங்களுடையது இரண்டாவது ஞாயிறு. சிஸ்டைன் சேப்பலுக்கு மியூசியம் வழியாகத்தான் போக முடியும், ஆகவே அதுவும் கிடையாது. ஃபிளாரன்ஸ் பக்கத்தில் திங்கட்கிழமை அக்காதேமியா மியூசியத்தில் டேவிட் சிலை, பிறகு உஃபிட்ஸி ஓவியக்கூடம். இரண்டும் திங்கள் விடுமுறை. ஒரு டிக்கெட்டாவது உண்மையாக வாங்கியிருந்தால் இந்தத் தேதியில் இதை அச்சடித்திருக்கவே முடியாது. யாருக்கோ போட்ட ஐட்டினரியில் தேதியை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

பாம்பேய், கொலோசியம் டிக்கெட்டுகளும் அதே கதை. கொலோசியத்துக்கு 2023 அக்டோபரிலிருந்தும் பாம்பேய்க்கு 2024 நவம்பரிலிருந்தும் டிக்கெட்டில் பார்வையாளர் பெயர் இருக்க வேண்டும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுகிறார்கள். பாம்பேயில் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பும் வைத்துவிட்டார்கள். இவர்கள் எங்கள் பாஸ்போர்ட் பெயரை எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. டிக்கெட் வாங்கியிருந்தால் கேட்டிருப்பார்கள்.

சனிக்கிழமை நேப்பிள்ஸில் வண்டி வந்தது, அதுவும் சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்து. பிரைவேட் கார் இல்லை, வேறு கப்பல் ஆட்களையும் ஏற்றிக்கொண்ட வேன். பாம்பேயின் போர்த்தா மரீனா வாசலில் இறக்கிவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் இதே இடத்துக்கு வரணும் என்று சைகை காட்டிவிட்டு டிரைவர் போய்விட்டார். கைடு கிடையாது. ஏஜென்சி அனுப்பிய டிக்கெட்டில் இருந்த பெயர் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. வாசலில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுக் கவுன்டரைக் கை காட்டினார். திரும்ப வரிசை, திரும்ப டிக்கெட். நேப்பிள்ஸில் கப்பல் ஊருக்கு நடுவிலேயே கட்டுகிறது. அங்கிருந்து சர்க்கம்வெசுவியானா ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் "பாம்பேய் ஸ்காவி" ஸ்டேஷன், இறங்கினால் எதிரிலேயே வாசல். இதற்கா 38,200?

ஞாயிறு யாரும் வரவில்லை. லார்கோ தெல்லா பாச்சேயில் எத்தனையோ பெயர் போர்டு இருந்தது, எங்கள் பெயர் இல்லை. வாட்ஸ்அப்பில் "டிரைவர் ஆன் த வே சார்". அரை மணி கழித்து "டிராஃபிக்". அப்புறம் வந்ததுதான் உச்சம்: "இத்தாலி ஆபீஸ் இன்னும் திறக்கலை சார், டைம் டிஃபரன்ஸ் இருக்குல்ல." இத்தாலியில் நிற்கிறவர்களிடம், காலை பத்து மணி வெயிலில்! கடைசியில் ரயிலைப் பிடித்து ரோமா சான் பியெத்ரோவில் இறங்கினோம், வாத்திகனுக்கு நடக்கிற தூரம். ஞாயிறு மதியம் போப் ஜன்னலில் தோன்றும் நேரம் என்பதால் சதுக்கம் முழுக்கக் கூட்டம், பசிலிக்கா வரிசை நகரவே இல்லை. மாலை கப்பல் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு இதற்கு மேல் என்ன பார்க்க முடியும்?

அன்றிரவு மெசேஜ்: "நாளை ஃபிளாரன்ஸில் ஸ்ட்ரைக், பதிலாக ஹாஃப் டே பீசா." ஸ்ட்ரைக்கும் இல்லை ஒன்றும் இல்லை. ரயில் ஓடியது, பஸ் ஓடியது. மியூசியம் மூடியிருப்பது அப்போதுதான் யாரோ சொல்லித் தெரிந்திருக்கும். லிவோர்னோ சரக்குத் துறைமுகம், உள்ளே நடக்க விடமாட்டார்கள், காசு கொடுத்து ஷட்டிலில்தான் ஊருக்குள் வர வேண்டும். வந்தோம். ஆள் இல்லை. பீசாவுக்கு ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகவில்லை, டிக்கெட் ஓரிரு காபி விலை.

வில்ஃப்ரான்ஷ் விஷயம்தான் பச்சை அயோக்கியத்தனம். அது டெண்டர் துறைமுகம். கப்பல் கரையைத் தொடாது, விரிகுடாவில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். கப்பல் டூர் வாங்கியவர்களுக்கு முதல் படகுகள், மற்றவர்கள் டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டும். கப்பல் நங்கூரம் போடும் நேரம் 8. வவுச்சரில் படகுத்துறையில் பிக்-அப் 8.15. எந்த ஜென்மத்திலும் முடியாது. எட்டாவது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: பிக்-அப் நேரத்திலிருந்து 15 நிமிடம் தாண்டினால் நோ-ஷோ (ஆள் வரவில்லை என்று கணக்கு), பணம் திரும்பாது. நாங்கள் கரையேறும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மெசேஜ் அதற்கு முன்பே வந்து கிடந்தது: "உங்களுக்காக வெயிட் பண்ணி டிரைவர் கிளம்பிட்டார் மேடம். நோ-ஷோ ஆயிடுச்சு." நேரம் தெரியாமல் போட்டதில்லை அது. அந்த ஊர் ரயில் நிலையம் படகுத்துறையிலிருந்து கொஞ்ச தூர நடை, நீஸ் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

ஊர் திரும்பிய பிறகு நடந்தது வேறு வகை அவமானம். பணம் கட்டும் வரை ஒரு நிமிடத்தில் பதில் சொன்ன நம்பரில் இப்போது நீல டிக் மட்டும். ஆபீசுக்குப் போன் போட்டால் "அந்த எக்சிகியூட்டிவ் லீவு". அடுத்த முறை "சப்ளையர் சைடு இஷ்யூ சார், நாங்க வெறும் ஃபெசிலிடேட்டர்தான்". அதற்கடுத்த முறை "நேப்பிள்ஸ் யூஸ் பண்ணிட்டீங்களே, அப்ப பேக்கேஜ் யூட்டிலைஸ்டு". கடைசியாக ஒரு பெருந்தன்மை: 37,280 ரூபாய்க்குக் கிரெடிட் நோட், அதாவது இருபது சதவீதம், அதுவும் அவர்களிடமே அடுத்த டூர் வாங்கினால்தான் செல்லுமாம். கூடவே, போட்ட ரிவ்யூவை எடுக்க வேண்டுமாம். ரூ.1,86,400 வாங்கிக்கொண்டு எங்களுக்கே நிபந்தனை! வங்கியில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பிய யுபிஐ, கார்டு மாதிரி இதில் சார்ஜ்பேக் (வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப வாங்கும் வழி) கிடையாது என்கிறார்கள். கார்டுக்கு மட்டும் இரண்டரை சதவீதம் ஏன் கூடுதல் என்பது இப்போது புரிகிறதா?

இந்த வியாபாரம் ஓடுவதற்குக் காரணம், கப்பல் பயணி காலையில் இறங்கி மாலையில் அந்த ஊரை விட்டே போய்விடுவார் என்பது. மறுநாள் போய்ச் சண்டை போட முடியாது, அங்கே போலீசுக்குப் போக நேரம் இல்லை, இங்கே வந்தால் "வெளிநாட்டு சப்ளையர்". இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். வவுச்சரில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் அந்தக் கிழமை திறந்திருக்கிறதா என்று அந்த இடத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். பாஸ்போர்ட் பெயர் கேட்காமல் பாம்பேய், கொலோசியம் டிக்கெட் தருகிறேன் என்றால் போனை வையுங்கள். டெண்டர் துறைமுகமா என்று கப்பலில் கேளுங்கள். ஆம் என்றால் நங்கூரம் போட்டு ஒன்றரை மணி நேரம் ஆவதற்கு முன் வைக்கிற பிக்-அப் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், கிரெடிட் கார்டு மட்டும். ஜிஎஸ்டி நம்பரை வாங்கி அரசுத் தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, பிறகு நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள்.

எங்கள் மனு தயாராகிறது. ரூ.1,86,400-ம் வட்டியும், பாம்பேயில் இரண்டாவது முறை வாங்கிய டிக்கெட் காசும் கேட்டிருக்கிறோம். இதே மாதிரி வவுச்சர் வைத்திருக்கிறவர்கள், குறிப்பாக வில்ஃப்ரான்ஷ் 8.15 என்று போட்டிருப்பவர்கள், கிளம்புவதற்கு முன்னால் கீழே எழுதுங்கள்.