இடது கைக்காரப் பெண்ணுக்கு ஒரு ஏர் ரைஃபிள்: இரண்டு தடவை வாங்கியதில் தெரிந்துகொண்டது

என் பெண்ணுக்கு இந்த ஆசை வந்தது மெரினாவில். பலூன் சுடும் கடையில் பத்து குண்டுக்கு ஒன்பது பலூன் உடைத்தாள். கடைக்காரர் "பாப்பா இடது கையில சுடுதே" என்று சொல்லி இன்னும் ஐந்து குண்டு சும்மா கொடுத்தார். அப்போது அவளுக்கு 12 வயது. இப்போது 15. நடுவில் ஒரு துப்பாக்கியைத் தப்பாக வாங்கி, அதில் பத்து மாதம் வீணாகி, அப்புறம் சரியானது கிடைத்தது. வேளச்சேரியில் என்னைத் தெரிந்த இரண்டு அம்மாக்கள் எந்தத் துப்பாக்கி வாங்குவது என்ற கேள்வியோடு வந்துவிட்டார்கள், அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

முதல் துப்பாக்கி அண்ணா சாலைப் பக்கம் ஒரு பழைய கடையில் வாங்கியது. பெயர் வேண்டாம். உள்ளே போனதும் கடைக்காரர் எடுத்த எடுப்பில் சொன்னது வேகம்தான். "மேடம், இது செகண்டுக்கு 1000 அடி போகும், இந்த விலைக்கு இப்படி பவர் கிடைக்காது." ஸ்பிரிங் ரைஃபிள், குழாயை மடக்கி இழுத்து லோடு செய்கிற வகை. எனக்கு எதுவும் தெரியாது, வேகமாகப் போனால் நேராகப் போகும் என்று நினைத்தேன். பெண்ணின் கையில் ஒரு தடவைகூடக் கொடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை, அவள் எந்தக் கைக்காரி என்றும் கேட்கவில்லை. பில் போட்டு, ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அந்த 1000 அடிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தவள் என் பெண்தான், பத்தாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு. போட்டியில் சுடுகிற சாதாரண ஈய பெல்லட் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) ஒன்று சுமார் 0.53 கிராம். 1000 அடி என்றால் கிட்டத்தட்ட 305 மீட்டர். பாதி எடை, வேகத்தின் வர்க்கம், பெருக்கினால் குண்டின் சக்தி 24 ஜூலுக்கு மேல் வருகிறது. நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்ற சலுகை 20 ஜூல் வரைக்கும்தான், குழாயின் உள்விட்டமும் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் அவர் சொன்னது உண்மையாக இருந்தால் அதை எனக்கு உரிமம் இல்லாமல் விற்றிருக்கவே கூடாது, அல்லது மிக லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்த வேகத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்கிறார். நீங்கள் வாங்கப் போகும்போது எத்தனை கிராம் பெல்லட்டுக்கு இந்த வேகம் என்று கேளுங்கள், ஜூல் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து மீட்டர் போட்டிக்கு இந்த வேகம் எதுவுமே தேவையில்லை. ஒலிம்பிக்கில் சுடுகிற துப்பாக்கிகளே செகண்டுக்கு 170 மீட்டர் பக்கம்தான், சுமார் 7.5 ஜூல். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான், 2012-இல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இதில்தான். நாரங் பிறந்தது சென்னையில் என்று இங்கே நிறைய பேருக்குத் தெரியாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே போட்டிதான். டார்கெட்டில் பத்துப் புள்ளி வளையம் என்பது நடுவில் அரை மில்லிமீட்டர் பொட்டு, பேனா முனையால் வைத்த மாதிரி. அதை 60 முறை நின்றுகொண்டே சுட வேண்டும். இதற்கு வேண்டியது உடம்போடு ஒட்டி நிற்கிற துப்பாக்கியும், விரல் பட்டதும் ஆடாமல் விடுகிற ட்ரிகரும்.

ஸ்பிரிங் ரைஃபிளில் எங்களுக்கு வந்த தொல்லை இதுதான். ட்ரிகரை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் பாய்கிறது, பெல்லட் குழாயை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கி ஒரு தடவை பின்னாலும் ஒரு தடவை முன்னாலும் உதறிவிடுகிறது. பிடிக்கிற விதம் கொஞ்சம் மாறினாலும் குண்டு விழுகிற இடம் மாறும். அதோடு ஸ்டாக்கில், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கிற கட்டையில், கன்னம் வைக்கிற மேடு வலது கைக்காரருக்காகச் செதுக்கியது. அவள் இடது கன்னத்தை வைத்தால் கண் சரியான இடத்துக்கு வராது, கழுத்தை வளைத்து வளைத்து ஒரு மாதத்தில் தோளில் வலி. ட்ரிகர் கனம், சின்ன விரலுக்கு இழுக்க இழுக்க முனை ஆடும். கோச் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை. "இதில் பழகின பழக்கத்தை எடுக்க எனக்கு ஆறு மாதம் ஆகும்மா" என்றார், அப்படியேதான் ஆனது. இந்த வகைத் துப்பாக்கியே மோசம் என்று சொல்ல மாட்டேன், பெரியவர்கள் பொழுதுபோக்குக்கு டப்பாவைச் சுட நன்றாகவே இருக்கும், காற்று நிரப்ப பம்ப், சிலிண்டர் என்ற தொல்லை கிடையாது. போட்டிக்குப் போகிற குழந்தைக்கு வேண்டாம்.

கடையில் இருந்தபோது பக்கத்தில் ஒருவர் "இதுல மான் விழுமா" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே இருந்தாரே தவிர, கூடாது என்று சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. கிண்டி தேசியப் பூங்காவிலும் ஐஐடி வளாகத்திலும் புள்ளிமானும் வெளிமானும் நடமாடுகிற ஊர் இது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், சிறைக்குப் போக வேண்டியதுதான். இந்த பெல்லட் மானைக் கொல்லாது, காயப்படுத்தி அது புதருக்குள் நாள் கணக்கில் சீழ் பிடித்துச் சாகும்படி செய்யும். மொட்டை மாடியிலிருந்து கிளி, புறா சுடுவதற்கு என்று வாங்குபவர்களுக்கும் இதே பதில்தான். கிளியும் பாதுகாக்கப்பட்ட பறவை. குறி தப்பின பெல்லட் எதிர்வீட்டு மாடியில் துணி காயப் போடுகிற யாரோ ஒருவர் கண்ணில் போய் நிற்கும்.

மான் வேட்டை சட்டப்படி நடக்கிற ஊரில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று டெக்சாஸில் இருக்கிற என் தம்பியிடம் கேட்டேன், அவன் போன வருடம்தான் வேட்டை உரிமம் எடுத்து பிரௌனிங் பார் (BAR) என்ற வேட்டை ரைஃபிள் வாங்கினான், .308 அளவுக் குண்டு போடுகிற செமி-ஆட்டோமேட்டிக். (நம் ஊரில் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் வருகிறது, நாம் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.) அந்தக் குண்டின் சக்தி சுமார் 3500 ஜூல், என் பெண் சுடுவதைப் போல 450 மடங்குக்கும் மேல். ஆனால் அவன் சொன்ன விஷயம் எனக்கு அப்படியே பொருந்தியது. செமி-ஆட்டோவில் வெடித்த வாயுவின் ஒரு பகுதி அடுத்த குண்டை ஏற்றுகிற வேலைக்குப் போவதால் தோளில் உதை கொஞ்சம் குறைகிறது, அதனால் மெலிந்த உடம்புக்காரர் பயப்படாமல் சுடலாம், அது நல்லது. ஆனால் அதன் ட்ரிகர் பொதுவாக, ஒவ்வொரு குண்டையும் கையால் இழுத்து ஏற்றுகிற நல்ல போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் அளவுக்குச் சுத்தமாக இருக்காது. "ரெண்டாவது குண்டு சீக்கிரம் வரும்னு வாங்குறவன் முதல் குண்டைத் தப்பாப் போடுவான் அக்கா, மானுக்கு முதல் குண்டுதான் கணக்கு" என்றான். கடையில் அவன் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் தூக்கி, திறந்ததும் கண் நேராக ஸ்கோப்புக்கு நடுவில் இருக்கிறதா என்று ஐந்தாறு துப்பாக்கியில் பார்த்துவிட்டுத்தான் எடுத்தானாம். இதைத்தான் நான் அண்ணா சாலையில் செய்திருக்க வேண்டும்.

சரி, இரண்டாவது துப்பாக்கி. வால்தர் எல்ஜி400, பழையது. அழுத்தக் காற்று சிலிண்டர் வைத்த வகை. புதிது வாங்க எங்களால் முடியாது. போட்டியை விட்டுவிட்டு மேல்படிப்புக்குப் போகிற ஒரு பையனிடமிருந்து 1 லட்சத்து 30 ஆயிரத்துக்குக் கிடைத்தது, நகையை வைத்துத்தான் வாங்கினோம். கோச் கூடவே வந்தார். அவர் முதலில் பார்த்தது குழாயையோ பெயிண்டையோ இல்லை, சிலிண்டரில் அடித்திருக்கிற தேதியை. இந்தச் சிலிண்டர்களில் 300 பார் அழுத்தம் வரை காற்று இருக்கும், தயாரித்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது. பழைய துப்பாக்கி வாங்குகிற யாரும் இந்தத் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எங்களுடையதில் மூன்று வருடம்தான் பாக்கி, அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தோம்.

கையில் வாங்கியதுமே வித்தியாசம் தெரிந்தது. கன்ன மேடு, தோள் தட்டு, கைப்பிடி எல்லாமே நகரும், உயரும், திரும்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரேஞ்சில் (சுடப் பழகுகிற இடத்தில்) உட்கார்ந்து அவள் உடம்புக்கு ஏற்றபடி வைத்தோம். ஒவ்வொரு அளவையும் மில்லிமீட்டரில் நோட்டில் எழுதி வைத்தாள், வளர்கிற வயது, நாலு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. ட்ரிகர் அவ்வளவு மென்மை, முதலில் பயந்தாள், நினைப்பதற்குள் போய்விடுகிறது என்றாள், கோச் அதைக் கொஞ்சம் இறுக்கி வைத்தார். உதறலே இல்லை என்று சொல்லலாம், சுட்ட பிறகும் கண் டயாப்டருக்குள் (குறி பார்க்கிற பின்பக்கத் துளைக்குள்) அதே வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்கே தெரிகிறது. பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் பழகுவதற்கு தனி அமைப்பு இருப்பதால் வீட்டு ஹாலில் சுவரில் ஒரு பொட்டு ஒட்டிவிட்டு தினமும் அரை மணி நேரம் பழகுகிறாள். ஸ்பிரிங் ரைஃபிளில் இதைச் செய்தால் பிஸ்டன் மெத்தென்று நிற்க எதுவும் இல்லாமல் இடித்துப் பாழாகிவிடும்.

கஷ்டம் என்று பார்த்தால் எடை. நாலு கிலோவுக்குமேல், ஒரு மணி நேரம் நின்றால் இடுப்பு சொல்லும், அதற்குத் தனியாக உடற்பயிற்சி வேண்டும். விதிப்படி 5.5 கிலோ வரை இருக்கலாம், அந்த எல்லைக்கு அவள் போக இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். கைப்பிடி வலது கைக்கானது வந்தது, இடது கைப்பிடி தனியாக வரவழைக்க இரண்டு மாதம் ஆனது. இடது கைக்காரக் குழந்தை என்றால் இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். அதற்கும் முன்னால் குறி பார்ப்பதில் எந்தக் கண் ஓங்கிய கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு தூரத்தில் ஒரு விளக்கைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விளக்கு ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். எழுதுகிற கையும் இந்தக் கண்ணும் வேறு வேறு பக்கம் இருக்கிற குழந்தைகள் உண்டு, அவர்களுக்கு எந்தத் தோள் என்பதை கோச்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்னைக் காற்றின் ஈரம் பெரிய விஷயம். கைப்பம்பில் அடித்தால் ஈரமும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும், காற்றை உலர்த்துகிற வடிகட்டி இல்லாத பம்பை நாங்கள் தொடுவதில்லை, ரேஞ்சில் கம்ப்ரஸரில்தான் நிரப்புகிறோம். கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒரு தடவை மாற்றுவேன். பெல்லட் தட்டை முனை வகை, காகிதத்தில் வட்டமாக வெட்டும். 4.49, 4.50 என்று தலை அளவில் நூலளவு வித்தியாசம் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வாங்கி உங்கள் துப்பாக்கிக்கு எது கூட்டமாக விழுகிறது என்று பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கவிட மாட்டேன்.

பழைய ஸ்பிரிங் ரைஃபிளை யாரோ கேட்டார்கள், எதற்கு என்று கேட்டேன், மாடியில் புறா தொல்லை என்றார்கள். கொடுக்கவில்லை. பரணில் பூட்டி வைத்திருக்கிறேன்.